எடுத்த படமும் எடுக்க முடியாத படமும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்த அக்கா தொலைபேசியில் அழைத்தார். வீட்டு வாசலில் பனி இன்னும் கரையவில்லை. சுகம் விசாரித்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, என்ர அந்தப் படத்தை எடுத்துவிட ஏலுமே?"

"ஏலும் அக்கா. பத்து நிமிஷ வேலை" என்றேன்.

இருபது வருடமாகக் கணினித் துறையில் பிழைப்பவன் நான். பெரிய நிறுவனங்களுக்குத் தரவுகளை எங்கே வைப்பது, எப்படிக் காப்பது, எப்போது அழிப்பது என்று ஆலோசனை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். நான் சொன்ன பதில் உண்மையில்லை என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் படம் 2019 ஒக்டோபரில் எடுத்தது. ஸ்காபரோவில் எங்கள் ஊர்ச் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் நிதி நடைக்காக. அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. இடது மார்பகத்தை அகற்றி எட்டு மாதம். கீமோ முடிந்து தலையில் மயிர் துளிர்க்கத் தொடங்கியிருந்தது. செயற்கை மார்பு வைக்காமல், மஞ்சள் சேலையோடு வந்திருந்தார். படத்தில் சேலை இடப்பக்கம் ஒரு மேடும் இல்லாமல் நேராக இறங்கியிருக்கும். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார். படத்தை எடுத்தது வேறொருவர். அதை இணையத்தளத்தின் முகப்பில் பெரிதாகப் போட்டது நான். அவர் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தை எழுதியதும் நான்தான். வேலைத்தளத்தில் கிடந்த பழைய மாதிரி ஒன்றிலிருந்து தமிழாக்கினேன். "எந்த ஊடகத்திலும், எக்காலத்துக்கும்" என்று அதில் ஒரு வரி இருந்தது. அக்கா வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். நானும் வாசித்துக் காட்டவில்லை.

படம் வேலை செய்தது. அதை மறைக்கக்கூடாது. அந்த மாதம் சங்கத்துக்கு வந்த அழைப்புகள் பல, எங்கே போய் மமோகிராம் எடுப்பது என்று கேட்டு வந்தவை. ஒன்ராறியோவில் ஐம்பது முதல் எழுபத்துநான்கு வயது வரையான பெண்களுக்கு அரசின் பரிசோதனைத் திட்டம் நெடுங்காலமாக இருக்கிறது. 2024 ஒக்டோபர் 8ஆம் திகதியிலிருந்து நாற்பது வயதானவர்களும் வைத்தியரின் கடிதம் இல்லாமல் தாங்களே பதிவுசெய்யலாம். இலவசம். ஆனாலும் எங்கள் பெண்கள் பலர் போவதில்லை. ஒரு பெண் என்னிடம் சொன்னார்: "துண்டுப்பிரசுரம் எத்தனையோ பார்த்தனான். அந்த அக்காவை எனக்குத் தெரியும், அதுதான் போனனான்." அவருக்கு ஒரு கட்டி இருந்தது. நேரத்துக்குக் கண்டுபிடித்தார்கள்.

ஆகவே இந்தக் கேள்வி எனக்கு எளிதாக வரவில்லை. ஒரு படம் ஒரு உயிரைக் காப்பாற்ற உதவியது. அதே படத்தை எடுத்துவிடச் சொல்லி அதில் இருப்பவர் கேட்கிறார். அவர் சொன்ன காரணங்கள் இரண்டு.

"கடையில மரக்கறி வாங்கப் போனாலும் சனம் முதல்ல என்ர நெஞ்சைத்தான் பார்க்குது, தம்பி. பிறகுதான் முகத்தை." இது முதலாவது. இரண்டாவதைச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மகளுக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். பேச்சு நின்றுவிட்டது.

மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் பரம்பரை மரபணு வழியாக வருபவை. பெரும்பான்மை அப்படியல்ல. ஆனால் கலியாணச் சந்தை விகிதாசாரம் பார்ப்பதில்லை. தாயின் படம் மகளின் உடலைப் பற்றிய செய்தியாக வாசிக்கப்பட்டது. என் படிவத்தில் ஒருவருடைய கையெழுத்துத்தான் இருந்தது. படம் பேசியதோ இருவரைப் பற்றி.

*

லண்டனில் முதுநிலைப் பட்டம் படித்த காலத்தில் தகவல் அறவியல் என்று ஒரு பாடம் இருந்தது. விளங்கிக்கொண்ட சம்மதம் என்பதை அங்கேதான் முதலில் கேட்டேன். என்ன நடக்கப்போகிறது என்று விளங்கிக்கொண்டு, வற்புறுத்தல் இல்லாமல் ஒருவர் உடன்பட்டால் அது சம்மதம். சத்திரசிகிச்சைக்கு இது பொருந்தும். வைத்தியர் கத்தியை எங்கே வைப்பார், என்ன ஆபத்து உண்டு என்று ஓரளவுக்குச் சொல்லலாம். இணையத்தில் போடும் படத்துக்கு என்ன நடக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? விளங்கப்படுத்த வேண்டிய எனக்கே அது தெரியாதபோது, அக்கா விளங்கிக்கொண்டது எதை?

அன்று மாலை நான் எங்கள் தளத்திலிருந்து படத்தை நீக்கினேன். பேஸ்புக் பக்கத்திலிருந்தும் நீக்கினேன். பிறகு தேடினேன். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அதை அச்சிட்டிருந்தது. அதன் மின்பிரதி இணையத்தில் இருந்தது. வேறொரு நாட்டில் வேறொரு சங்கம் தன் சுவரொட்டியில் வெட்டி ஒட்டியிருந்தது. இவற்றை நான் கண்டுபிடித்ததே அவை பொதுவெளியில் இருந்ததால்தான். வட்ஸ்அப் குழுக்களுக்குள் போனதை யாரும் தேட முடியாது. அங்கே செய்திகள் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டும் தெரியும்படி மறையாக்கம் செய்யப்படுகின்றன. மற்ற இடங்களில் நாங்கள் விரும்பிக் கேட்கும் பாதுகாப்பு அது. இந்த இடத்தில் அதே பாதுகாப்பு அக்காவுக்கு எதிராக நின்றது.

சட்டமும் இங்கே கைகொடுக்காது. ஒன்ராறியோவில் 2004ஆம் ஆண்டுச் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் வைத்தியசாலையையும் வைத்தியரையும் கட்டுப்படுத்துகிறது. அக்காவின் இரத்த அழுத்தத்தைக்கூட ஒரு தாதி வெளியே சொல்ல முடியாது. அவருடைய அறுத்த மார்பைப் பற்றி ஊர் முழுக்கச் சொன்ன பக்கத்து வீட்டுக் கைத்தொலைபேசியை அந்தச் சட்டம் தொடாது.

தமிழில் படம் பிடிப்பதற்கும் 'எடுத்தல்', இருந்த இடத்திலிருந்து அகற்றுவதற்கும் 'எடுத்தல்'. இரண்டும் ஒரே அளவு வேலை என்று அந்தச் சொல்லை நம்பி நானும் இருந்துவிட்டேன் போலும்.

*

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "அப்படியென்றால் படமே போடாமல் விடுங்கோவன்" என்றார். அந்த வழியையும் நான் பார்த்திருக்கிறேன். என் பெரியம்மா தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இறந்தார். வயிற்று வருத்தம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். மார்பில் கட்டி இருந்ததை அவர் ஒன்றரை வருடம் ஒருவருக்கும் காட்டவில்லை என்பது எனக்கு முப்பது வயதான பிறகுதான் தெரியவந்தது. அந்தக் காலத்தில் ஒருவரை மகரகமைக்குக் கொண்டுபோனார்கள் என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். வைத்தியசாலை இருந்த ஊரின் பெயரே நோயின் பெயராகியிருந்தது. ஒளித்து வைத்தலும் ஆளைக் கொல்லும்.

மேற்கில் இந்த ஒளித்தலை உடைத்தவர்கள் நோய்ப்பட்ட பெண்களேதான். அமெரிக்கக் கவி ஓட்ரி லோர்ட் 1980இல் வெளியிட்ட புற்றுநோய்க் குறிப்புகளில் ஒரு சம்பவம் உண்டு. சத்திரசிகிச்சைக்குப் பின் செயற்கை மார்பு வைக்காமல் வைத்தியரைப் பார்க்கப் போகிறார். வைத்துக்கொண்டு வராவிட்டால் அங்கே வருகிறவர்களின் மனநிலைக்கு நல்லதல்ல என்று தாதி சொல்கிறார். லோர்ட் கேட்ட கேள்வி நியாயமானது. ஒரு மார்போடு இருக்கும் பெண்கள் எல்லாரும் அதை மறைத்துக்கொண்டால், அவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி அடையாளம் காண்பது?

பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜோ ஸ்பென்ஸ் 1982இல் நோய் கண்டபோது, சத்திரசிகிச்சைக்கு முன் தன் இடது மார்பின் மேல், இது ஜோ ஸ்பென்ஸின் உடைமையா என்று கேள்விக்குறியோடு எழுதிப் படமாக்கினார். தன் உடலில் தனக்கு எவ்வளவு உரிமை என்ற கேள்வியை வைத்தியசாலைக்குள்ளேயே கொண்டுபோனார். 1993 ஓகஸ்ட் 15ஆம் திகதி நியூயோர்க் டைம்ஸ் ஞாயிறு இதழின் அட்டையில் மடுஷ்கா என்ற கலைஞரின் படம் வந்தது. வெள்ளை உடையின் ஒரு பக்கம் வெட்டப்பட்டு, மார்பு இருந்த இடத்தில் தழும்பு தெரியும்படி நின்றார். அவரை அவரே எடுத்த படம் அது.

இந்தப் பெண்கள் காட்ட விரும்பியதை மற்றவர்கள் தடுத்ததும் நடந்தது. பேஸ்புக் நிறுவனம் மார்பக அகற்றல் தழும்புகளின் படங்களை நீக்கிவந்தது. நோயாளிகள் கையெழுத்து இயக்கம் நடத்திய பிறகு, 2013இல் அவற்றுக்கு இடமுண்டு என்று தெளிவுபடுத்தியது. 2020 ஒக்டோபரில் பிரேசிலில் ஒரு பெண், நோயின் அறிகுறிகளைக் காட்டும் படங்களை இன்ஸ்டகிராமில் போட்டார். முலைக்காம்பு தெரிகிறது என்று தானியங்கி நிரல் நீக்கிவிட்டது. நோய் விழிப்புணர்வுக்காக அப்படிக் காட்டலாம் என்று அந்த நிறுவனத்தின் விதியே சொன்னது. மேற்பார்வைச் சபை 2021 ஜனவரியில் நீக்கியது தவறு என்று தீர்ப்பளித்தது. என் தொழிலில் இப்படியான நிரல்களோடு பழகியிருக்கிறேன். தோலின் நிறத்தையும் வடிவத்தையும் அது கணக்கிடும். ஒரு பெண் ஏன் காட்டுகிறாள் என்பது அதன் கணக்கில் வராது.

ஆகவே காட்டுவதா, மறைப்பதா என்று கேட்டால் விடை வராது. லோர்ட்டின் தாதி மறைக்கச் சொன்னார். நிரல் மறைத்தது. நான் காட்டிக்கொண்டே இருந்தேன். மூன்றிலும் அந்த உடலுக்குரியவள் தவிர வேறொருவர் தீர்மானித்தார்.

*

என்னை அதிகம் யோசிக்க வைத்தது சூசன் சொன்ராக்கின் கதை. 1975இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. மூன்று வருடங்களின் பின், நோயை உருவகமாக்குவதைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். புற்றுநோயைப் பற்றி இன்றும் பேசப்படும் அந்த நூலில் தனக்கு அந்த நோய் வந்ததை அவர் சொல்லவில்லை. இன்னொரு தன்கதை பயன்படாது என்று கருதியதாகப் பின்னர் விளக்கினார். புகைப்படத்தின் அறம் பற்றி இரண்டு நூல்கள் எழுதியவரும் அவர்தான். 2004 டிசம்பரில் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். 2006இல் அவருடைய துணையாக இருந்த புகைப்படக் கலைஞர் அனி லைபோவிட்ஸ் வெளியிட்ட தொகுப்பில் சொன்ராக் நோயாளியாகக் கிடக்கும் படங்களும், இறந்த உடலின் படங்களும் இருந்தன. மகன் டேவிட் ரீஃப் அதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

இதில் லைபோவிட்ஸைக் குற்றவாளி ஆக்க எனக்கு மனம் வரவில்லை. அவை அன்போடு எடுக்கப்பட்ட படங்கள். துக்கப்பட்ட ஒருவருக்கு அவற்றை வெளியிடுவது துக்கத்தின் பகுதியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அன்பு சம்மதத்துக்கு ஈடாகுமா? நானும் அக்காவின் மேல் மரியாதையோடுதான் படத்தை முகப்பில் போட்டேன். நல்ல எண்ணம் எங்களை மேற்கொண்டு கேட்கவிடாமல் செய்துவிடுகிறது. கெட்ட எண்ணமாக இருந்தால் குறைந்தபட்சம் ஒரு தயக்கமாவது வரும்.

சங்கக் கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒருவர் கணக்குப் போட்டார். "ஒரு ஆளுக்குச் சங்கடம். மற்றப் பக்கம் ஒரு உயிர். இதில என்ன யோசிக்கக் கிடக்கு?" அவர் சொன்னதை லேசாகத் தள்ள முடியாது. மனிதரை வெறும் கருவியாக நடத்தக்கூடாது என்று கான்ட் 1785இல் எழுதியதை நான் எடுத்துச் சொல்லலாம். உயிர் தப்பிய பெண்ணின் பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் அந்தக் கணக்கில் இரண்டு பிழைகள் உண்டு என்று நினைக்கிறேன். முதலாவது, கணக்குப் போடுபவர் அதில் எதையும் கொடுப்பதில்லை. கொடுப்பது அக்காவும் மகளும். தன் சுகத்தை ஊருக்காக விட்டுக்கொடுப்பது ஒருவருடைய பெருந்தன்மை. இன்னொருவருடைய சுகத்தை ஊருக்காக நாங்கள் விட்டுக்கொடுத்தால் அதற்கு அந்தப் பெயர் இல்லை. இரண்டாவது, அந்த நன்மை இந்த ஒரு முகத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. தானாக முன்வரும் இன்னொருவர் இருக்கலாம். முகமில்லாத குரலாக, கூட்டத்தில் நேரே நின்று பேசும் பேச்சாக அதைச் செய்யலாம். இவற்றுக்கு வீச்சுக் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் குறைவால் ஒரு பெண் ஒருவேளை பரிசோதனைக்குப் போகாமலும் விடலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

சம்மதம் எந்த வகைப் பொருள் என்று எனக்குள் கேட்டுப் பார்த்தேன். விற்பனை என்றால் கொடுத்தது கொடுத்ததுதான். என் படிவம் அதைத்தான் எழுதியிருந்தது. ஆனால் அக்கா எதையும் விற்கவில்லை. ஒருவரை வீட்டுக்குள் வரவிட்டார். வரவிட்டவருக்கு, இனிப் போங்கோ என்று சொல்லவும் உரிமை உண்டு. காரணம் கேட்க விருந்தாளிக்கு உரிமையில்லை. 2019இல் கீமோ முடிந்த தெம்பில் சிரித்த பெண்ணும், 2022இல் மகளுக்கு வரன் பார்க்கும் தாயும் ஒரே ஆள்தான். முன்னவரின் துணிவுக்காகப் பின்னவரைக் கட்டிவைக்க எங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?

*

மார்பிழந்த பெண்ணின் பிம்பம் தமிழருக்குப் புதிதல்ல. கண்ணகி தன் இடமுலையைத் திருகி மதுரையின் மேல் எறிந்ததை எல்லாரும் பேசுவோம். அதற்குப் பின் வருவதை அவ்வளவாகப் பேசுவதில்லை. சேரநாட்டு மலையில், வேங்கை மரத்தின் நிழலில், ஒரு முலை இழந்த நிலையில் வந்து நிற்கிறாள். மலைக்குறவர் பார்க்கிறார்கள். மார்பை இழந்து மனம் நடுங்க வந்து நிற்கும் நீங்கள் யார் என்று கேட்கிறார்கள். அவள் பதில் சொல்கிறாள். மதுரையும் அரசனும் கெட்டதைச் சொல்கிறாள், கணவனை இழந்ததைச் சொல்கிறாள். அவர்கள் கேள்வியில் இருந்த முலை அவள் பதிலில் இல்லை. பிறகுதான் செய்தி செங்குட்டுவனிடம் போகிறது, இமயத்திலிருந்து கல் வருகிறது, சிலை எழுகிறது.

இதை வைத்துப் பெரிய தத்துவம் கட்டப்போவதில்லை. குறவர் ஊருக்குச் சொல்வதற்கு முன் அவளிடம் கேட்டார்கள். தன்னைப் பற்றி எதைச் சொல்வது என்று அவள் முடிவுசெய்தாள். எங்கள் படிவத்தில் அந்த இரண்டும் இல்லை.

இப்போது படிவத்தை மாற்றியிருக்கிறோம். சம்மதம் ஓராண்டுக்கு மட்டும். ஒவ்வொரு செப்டெம்பரும் தொலைபேசியில் திரும்பக் கேட்கிறோம். பதில் வராவிட்டால் படம் இறங்கும். பிள்ளைகளோடு பேசிவிட்டு வரச் சொல்கிறோம். முதல் வரியில், "நாங்கள் நீக்கினாலும் மற்றவர்களிடம் போன பிரதிகளை எங்களால் திரும்பப் பெற முடியாது" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. நான் அதை வாசித்துக் காட்டுகிறேன். வாசித்ததும் சிலர் பேனையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். "ஆட்களைப் பயமுறுத்துறீர்" என்று கணக்குப் போட்டவர் இன்னும் கோபத்தில் இருக்கிறார். சென்ற வருடச் சுவரொட்டியில் மூன்றே முகங்கள்.

கதை இத்தோடு முடியவில்லை. 2023இல் யாழ்ப்பாணத்திலிருந்து என் சித்தி ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்பினார். மஞ்சள் சேலை, துளிர்த்த தலை, அதே சிரிப்பு. கீழே எழுதியிருந்தது: கனடாவில் வசிக்கும் இந்தப் பெண் கீமோ எடுக்காமல் முள் சீத்தா இலைக் கஷாயம் குடித்தே மார்புப் புற்றுநோயைக் குணப்படுத்திக்கொண்டார். அனைவருக்கும் பகிருங்கள். முள் சீத்தா மனிதரில் புற்றுநோயைக் குணமாக்கும் என்று எந்த ஆய்விலும் நிறுவப்படவில்லை. சித்தியின் அயலில் ஒரு பெண்ணுக்கு அப்போதுதான் நோய் தெரிந்திருந்தது. சித்தி அந்தச் செய்தியை அவருக்கும் அனுப்பியிருந்தார்.

வைத்தியத்துக்குப் போங்கள் என்று சொல்வதற்காக நான் ஏற்றிய படம், வைத்தியத்துக்குப் போகாதே என்று சொல்லிக்கொண்டிருந்தது. உடனே பதில் எழுதத் தொடங்கினேன். எனக்கு இந்தப் பெண்ணைத் தெரியும். இவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது, கீமோ... பாதியில் விரல் நின்றது. பொய்யை மறுப்பதற்காக, அவருடைய மருத்துவ விவரத்தை அவரைக் கேட்காமல் இன்னொரு தடவை ஊருக்குச் சொல்லப்போகிறேன். மறுபக்கம் ஒரு பெண் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்கலாம்.

எழுதியதை அழித்துவிட்டு அக்காவை அழைத்தேன். ஒரு வருடத்துக்கு முன் பத்து நிமிஷ வேலை என்று சொன்னவன், நடந்தது முழுவதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசாம்?" என்று கேட்டார்.

"நாற்பத்தொன்று."

"அப்ப சொல்லுங்கோ தம்பி. கீமோ எடுத்தவ, ஒப்பரேஷன் செய்தவ, இப்ப சுகமாய் இருக்கிறா எண்டு சொல்லுங்கோ. என்ர பேரைச் சொல்ல வேண்டாம். படத்தைத் திருப்பி அனுப்பாதேங்கோ." பிறகு, "என்னோட கதைக்க விருப்பமெண்டா அந்தப் பிள்ளையின்ர நம்பரை வாங்கித் தாங்கோ. நான் எடுக்கிறன்" என்றார்.

நம்பரை நான் உடனே அனுப்பவில்லை. முதலில் சித்தி மூலம் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். சம்மதம் வர இரண்டு நாள் எடுத்தது.